நானூறு மீட்டர்

என் வேலை நானூறு மீட்டர்.
யார்டிலிருந்து கப்பலின் வயிறு வரை.
சீட்டில் பாலித்தீன் உறை,
ஓடிய தூரம் மூன்றோ நான்கோ கிலோமீட்டர்,
புது ரப்பரும் பசையும் கலந்த அந்த வாசனை.
ஏற்றிவிட்டுச் சாவியை அதிலேயே விட்டு
எட்டுப் பேராய் ஒரு வேனில் திரும்புவோம்.
பதினோரு வருடத்தில்
ஒரு வண்டியையும் நான் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை.

ஏழாம் தளத்தில்
பெல்ட்டுகளை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான் ஆரில்,
கப்பலின் இரண்டாம் அதிகாரி.
பெயர் கேட்டான். மதார் என்றேன்.
'மதராஸ்?'
ஊரையே பெயராய் வைத்திருப்பவனைக் கண்ட சந்தோஷத்தில்
தன் ஊரைச் சொன்னான்: ட்ராமன்.
கடல் ஒரு நீள நாக்கை நீட்ட,
ஆறு அதன் நுனியில் வந்து விழும் இடம்.
நார்வேக்குள் நுழையும் கார்களில் பெரும்பாலானவை
அங்கேதான் கால் வைக்குமாம்.

டீ வரும்வரை
ஒரு வெள்ளை வண்டியின் பானெட் தூசியில்
விரலால் ஆற்றை இழுத்தான்.
(சூப்பர்வைசர் பார்த்திருந்தால் தொலைந்தோம்.)
இந்தக் கரை ப்ராகர்னெஸ். அந்தக் கரை ஸ்ட்ரம்சோ.
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்த இரண்டு ஊர்கள்.
ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்றில்
ஓர் அரசன் கையெழுத்துப் போட்டு
முடிச்சுப் போட்டுவிட்டான்.
முறைப்பு?
'பந்தாட்டத்துக்கு மட்டும் மிச்சம் வைத்திருக்கிறோம்.'

இங்கேயும் அப்படித்தான் என்றேன்.
மதராசபட்டினம் ஒன்று, சென்னபட்டினம் ஒன்று,
எது எங்கே முடிந்தது என்பதில் இன்னும் தகராறு.
முந்நூறு வருடம் ஒரு பெயர் ஓட்டியது.
இப்போது மற்றது ஸ்டியரிங்கில்.

மரம்தான் எங்களைத் தூக்கிவிட்டது என்றான்.
மலையில் வெட்டி ஆற்றில் தள்ளினால்
தானே நடந்து துறைக்கு வரும் மரம்.
ஆயிரத்து அறுநூற்று அறுபத்தாறில்
லண்டன் எரிந்தது. மறுபடி கட்டப் பலகை வேண்டும்.
கப்பல் கப்பலாய்ப் போனது.
எரிகிற வீட்டில் பிடுங்கின வரை லாபம் என்று
எங்களிடம் ஒரு சொல் உண்டு, சொன்னேன்.
அவனுக்கு அது புரிய
என் இங்கிலீஷ் மூன்று முறை தடுக்கிவிழுந்தது.
சிரித்தான். பிறகு
சரியாக இருநூறு வருடம் கழித்து
ப்ராகர்னெஸ் எரிந்ததைச் சொன்னான்.
டீ வந்தது.
கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஆவியைப் பார்த்தோம்.

பிறகு காகித ஆலைகள்.
கூழும் கழிவும் கலந்து நாறிக்கிடந்த ஆறு
இப்போது தெளிந்துவிட்டதாம்.
ஊர் நடுவிலேயே தூண்டில் போட்டு
சால்மன் பிடிக்கிறார்களாம்.
நான் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் இருப்பது புதுப்பேட்டை.
நான் ஏற்றும் வண்டிகளின் அண்ணன்மார்
கதவு தனி, கண்ணாடி தனி, ஹாரன் தனியாய்
கடை வாசலில் தொங்கும் ஊர்.
பின்னால் கூவம்.
கடல் வரை போயும் அதற்கு உள்ளே நுழைய அனுமதியில்லை;
மணல் குறுக்கே படுத்திருக்கும்,
இயந்திரம் அள்ளும், அலை திருப்பிக் கொடுக்கும்.

'உங்கள் ஆற்றில் என்ன மீன்?'

மடவை என்றேன்.
பொய்யில்லை.
மழை முகத்துவாரத்தை உடைத்துத் திறந்த ஒரு வாரம்
நேப்பியர் பாலத்தில் பைக்கை நிறுத்திப் பார்த்தேன்,
வெள்ளியாய் ஒன்று எம்பி விழுந்தது.
ஒன்றுதான்.

அவன் வாக்கிடாக்கி கூப்பிட, போய்விட்டான்.
தூசியில் அவன் ஆறு தனியாய்க் கிடந்தது.
பக்கத்தில் என்னுடையதையும் இழுத்தேன்,
நெளிந்து நெளிந்து,
வாய்க்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.
துடைக்கவில்லை.

ஐந்தாறு வாரத்தில்
எந்தத் துறையிலோ என்னைப் போல் ஒருவன்
அதை நானூறு மீட்டர் இறக்குவான்.
பானெட்டைச் சுற்றி வந்து,
குனிந்து பார்த்து,
படிவத்தில் எழுதுவான்:
கீறல், இரண்டு.
ஒன்று நீளம். ஒன்று பாதியில்.